டேங்க் நிறைய பிரீமியம்

— பிரீமியம் வேணாம் பாவாடை தம்பி. சாதா பெட்ரோலே போடு. எப்பயும் போல எரநூறு ரூபாய்க்கு.

— அண்ணே, இன்னாண்ணே இது? அண்ணி சாதாங்கறாங்க, நீங்க பிரீமியங்கறீங்க. நான் எந்தக் குழாய எடுக்கறது?

— வண்டி ஓட்டறது நானா, அவளா? பிரீமியம் போடு. டேங்க்க ரொப்பிடு.

— ரொப்பவா? கொளஞ்சிநாதன் அண்ணனா பேசறது? சத்தியமா சொல்றண்ணே, பத்து வருசமா இந்த பங்க்குல நிக்கறன். உங்க வண்டிக்கு எரநூறுக்கு மேல போட்டதா நெனப்பே இல்ல. அதுவும் பிரீமியமு! லிட்டருக்கு ஏழெட்டு ரூபா கூடண்ணே.

— பாத்தீங்களா? பாவாடைக்கே தெரியுது.

— இன்னாடி தெரியுது?

— ஒண்ணுமில்ல. சாதா போடச் சொல்லுங்க.

— அண்ணி, நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, நான்... அட, போச்சு. கரண்டு போச்சுண்ணே.

— எப்ப வரும்?

— பதினொரு மணி ஆவும். நிலக்கரி தோண்டி ஊரு ஒலகத்துக்கெல்லாம் கரண்டு அனுப்பற ஊரு இது. டவுன்ஷிப் ஆர்ச்ச தாண்டி வெளிய வந்தா எங்களுக்கு ரெண்டு மணிக்கொரு தரம் கட்டு. உள்ள உங்க குவார்ட்டர்ஸ்ல ஃபேனு நின்னு நான் பாத்ததே இல்ல. குடுத்து வெச்சவங்க.

— இன்னும் ஒன்பது நாளைக்குத்தான் பாவாடை. ஜூன் முப்பதோட ரிட்டயர்மெண்ட். அப்பறம் நானும் உன்னாட்டம் விசிறிதான். ஜெனரேட்டர் இல்லையா?

— இருக்குதுண்ணே. பெல்ட்டு அறுந்து கெடக்குது. பண்ருட்டிக்கு ஆளு போயிருக்கான். வண்டிய இப்படி நெழல்ல வுடுங்க. பின்னால ஒரு ஆளுமில்ல. நான் அந்தப் பக்கம் காத்தாட நிக்கறன்.

— அவன் போயிட்டான். இப்ப சொல்லு தனகோடி. கெளம்பற வண்டியில கதவத் தொறந்து ஏறினியே, இன்னா அவசரம் உனக்கு? கால்ல செருப்புகூட இல்ல.

— சொல்லாம கெளம்பினீங்க. அதான்.

— நெல்லிக்குப்பம் போறன், சாயங்காலம் வந்துடறன்னு சொன்னன்ல?

— எதுக்குப் போறீங்கன்னு சொல்லல.

— ஒரு வேலை.

— வேலைக்கு ஒரு பேரு இருக்கும்ல?

— இன்னைக்கு எனக்கு வீக்லி ஆஃப். ஒரு நாளு ஒரு மனுசன் தனியா வெளிய போகக்கூடாதா? கேட்டுக்க, அதோ ஆட்டோ நிக்குது. அதுல ஏறி வூட்டுக்குப் போயிடு.

— மாட்டன். நீங்க எங்க போனாலும் நான் இந்த சீட்டுலதான் குந்தியிருப்பன். பெல்ட்டு போட்டுட்டன் பாருங்க.

— பெல்ட்டா? இந்த மாருதிய வாங்கி எட்டு வருசத்துல நீ பெல்ட்டு போட்டு நான் பாத்ததில்ல. வயித்த அமுக்குதும்ப.

— நீங்க பிரீமியம் போட்டும் நான் பாத்ததில்ல.

— அட, அதுக்கும் இதுக்கும் இன்னாடி சம்மந்தம்?

— ஏங்க, நெல்லிக்குப்பம் போயி வர்றதுக்கு டேங்க்கு நெறைய எதுக்கு? எரநூறு ரூபாய்க்கு போடறவரு சாயங்காலம் திரும்பி வர்றவரு. டேங்க்க ரொப்பறவரு...

— ரொப்பறவரு? முழுசா சொல்லு.

— வாயில வரல எனக்கு.

— கையக் குடு. அடிப்பாவி, இந்த ஜூன் மாச வெயில்ல கை இப்படி சில்லுன்னு கெடக்குது. காச்சலா?

— காச்சல் இல்ல. பயமா இருக்குதுங்க.

— பட்டப்பகல்ல, நடு ரோட்டுல, நான் பக்கத்துல இருக்கறப்ப இன்னா பயம்?

— உங்களப் பாத்துத்தான் பயம்.

— என்னப் பாத்தா? முப்பத்திரண்டு வருசம் கழிச்சா?

— சிரிக்காதீங்க. எட்டு நாளா நான் சோறு திங்கல, உங்களுக்குத் தெரியுமா? தட்டுல போட்டுகினு, நீங்க அந்தாண்ட போனதும் நாய்க்கு வெச்சிடறன்.

— ஏன்?

— விடியக்காலையில எழுந்து வண்டிய எடுத்துகினு எங்க போறீங்க?

— சும்மாடி. ஒரு ரவுண்டு.

— சும்மா இல்ல. அந்த ரயில்வே பாலத்து மேல ஏறி எறங்கிகினு இருக்கறீங்க. பக்கத்து வூட்டு மருதாசலம் அண்ணன் வாக்கிங் போறப்ப பாத்திருக்காரு. மூணு தரம் ஏறி எறங்கினீங்களாம், நாலாவது தரம் மேல நிறுத்திட்டு எறங்கி அப்படியே நின்னீங்களாம். கூப்பிட்டதுக்குத் திரும்பிக்கூட பாக்கலையாம். சொல்றப்ப அந்த மனுசன் மூஞ்சில ஈயாடல.

— அவனுக்கு வேற வேலையே இல்ல.

— உங்க புது சேஃப்டி ஷூவ அவருக்குக் குடுத்துட்டீங்களே, அது ஏன்?

— ஒன்பது நாளைக்கப்பறம் நான் எந்த மைன்ஸுக்குடி போவப் போறன்? அவனுக்கு இன்னும் நாலு வருசம் சர்வீஸ் இருக்குது. போட்டுக்கட்டும்னு குடுத்தன்.

— செவ்வாக்கெழம இரும்புப் பெட்டியத் தொறந்து எல்லா பேப்பரையும் பரப்பி வெச்சீங்க. இது பி.எஃப்., இது பென்சன், நாமினி உன் பேருலதான் இருக்குது, இந்த எடத்துல கையெழுத்து போடுன்னு பாடம் நடத்தினீங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்தப் பெட்டி சாவிய என் கண்ணுல காட்டினவரா நீங்க?

— ரிட்டயர் ஆவறவன் எல்லாரும் பண்றதுதான் அது.

— சரி. முந்தாநேத்து சிலம்பரசன் தோள்ல கை வெச்சிகினு இன்னா சொன்னீங்க? கவலப்படாதடா, ஜூலை மாசம் உனக்கு ஒரு வழி பொறந்துடும், அப்பா பாத்துக்கறன்னு சொன்னீங்க. ஜூலையில நீங்க ரிட்டயர் ஆயி வூட்டுல குந்தியிருக்கப் போறவரு. உங்களால இன்னா வழி பொறக்கும்?

— அவன் வந்து உன்கிட்ட சொன்னானா?

— நான் சமையக்கட்டுலேருந்து கேட்டன். கேட்டதும் கைல இருந்த கரண்டி கீழ வுழுந்துடுச்சு. நீங்க ரெண்டு பேரும் திரும்பிப் பாத்து சிரிச்சீங்க.

— தனகோடி, நீ சுத்தி வளைக்கற. இன்னா நெனச்சிகினு இருக்க? நேரா சொல்லு.

— கலியமூர்த்தி அண்ணன்.

— கலியமூர்த்தியா? என் ஷிஃப்ட்டுல இருந்த கலியமூர்த்தியா?

— அவருக்கு ரிட்டயர்மெண்டுக்கு எத்தன நாளு பாக்கி இருந்துச்சு?

— பதினேழு நாளு.

— அன்னைக்கு காலையில ஸ்கூட்டர் டேங்க்க ரொப்பிகினு வந்திருக்காரு. பிரீமியம் போட்டாராம். அவரு பொண்டாட்டி ராஜாம்பா என் மடியில வுழுந்து அழுதா. வாழ்நாள் பூரா சாதாவே அர லிட்டரு, ஒரு லிட்டருன்னு போட்டுகினு இருந்த மனுசன் அக்கா, கடைசி நாளு வண்டிக்கு பிரீமியம் ஊத்தினாரு, எனக்கு அப்பவே தெரியாம போச்சே அக்கான்னு அழுதா. இந்த ரெண்டு வருசமா, எந்த பங்க்குல பிரீமியம்னு எழுதியிருக்கறதப் பாத்தாலும் எனக்கு அவ அழுகதான் காதுல கேக்குது.

— அது விபத்துடி. லாரிக்காரன் பிரேக்கு புடிக்கல.

— விபத்துன்னுதான் எழுதினாங்க. வேற இன்னா எழுதுவாங்க? சர்வீஸ்ல இருக்கறப்ப அப்பன் செத்தா புள்ளைக்கு வேலை. அவரு பையன் இன்னைக்கு பர்மனெண்ட். கல்யாணம் ஆயிடுச்சு, பி டைப்பு குவார்ட்டர்ஸ், வாசல்ல வாழ மரம். ராஜாம்பா வெளிய தல காட்டினா டவுன்ஷிப்பே அவ முதுகுக்குப் பின்னால பேசுது. புருசன் போனாலும் புள்ளைக்கு வழி பண்ணிட்டுப் போனாருன்னு பேசுது. நீங்களே ஒரு நாளு சொன்னீங்க.

— நானா? எப்ப?

— கறி வாங்கிகினு வந்த ஞாயித்துக்கெழம. குடுத்து வெச்சவன், பையன கரையேத்திட்டான்னு சொன்னீங்க.

— ஒரு பேச்சுக்கு சொல்லியிருப்பன்.

— ஒரு பேச்சுக்கு சொன்னீங்களோ, மனசுல வெச்சிகினு சொன்னீங்களோ, எனக்கு எப்படித் தெரியும்? உங்க புள்ளைக்கு இருவத்தெட்டு வயசு. ஐ.டி.ஐ. முடிச்சி, அப்ரண்டிஸ் முடிச்சி, ஏழு வருசமா கான்ட்ராக்ட்டு. நீங்க போற அதே பஸ்ஸுல அவனும் போறான். நீங்க பர்மனெண்ட் கேட்டுல எறங்கறீங்க, அவன் தலைய குனிஞ்சிகினு கான்ட்ராக்ட் கேட்டுக்குப் போறான். அதப் பாத்துப் பாத்து நீங்க உள்ளுக்குள்ள செத்துகினு இருக்கறது எனக்குத் தெரியாதா? சாவியக் குடுங்க.

— ஏய், இன்னா பண்ற?

— சாவிய நான் எடுத்துட்டன். தர மாட்டன். இந்த வண்டி இந்த எடத்த வுட்டு நவுராது. முப்பதாம் தேதி தாண்டற வரைக்கும் நீங்க எங்கயும் தனியா போகக் கூடாது. ஷிஃப்ட்டுக்குப் போனாலும் கேட்டு வரைக்கும் நான் வருவன். சிரிக்கறவங்க சிரிக்கட்டும்.

— நான் சாவப் போறன்னு நெனச்சியா தனகோடி?

— ஆமா.

— வண்டிக்கு பிரீமியம் போட்டுகினு போயி சாவப் போறன்னு?

— ஆமாங்க.

— அண்ணே, பேசி முடிச்சிட்டீங்களா? பெல்ட்டு வந்துகினு இருக்குதாம், போன் வந்துச்சு. இந்தாங்க, டீ. அண்ணி, நீங்க ஒண்ணு எடுத்துக்கங்க. ஏன் அண்ணி, அழுதீங்களா?

— இல்ல பாவாடை. தூசி.

— பெட்ரோல் நெடிக்கு அப்படித்தான் இருக்கும். அண்ணே, உங்க நல்லதுக்கு சொல்றன். இந்த எட்டு வருசத்து வண்டிக்கு பிரீமியம் போடறது வெட்டிச் செலவு. இங்க நின்னு நான் பாத்த வரைக்கும் பிரீமியம் கேக்கறவங்க ரெண்டே வகைதான். புது வண்டி வாங்கி ஒரு மாசம் ஆகாதவன் ஒருத்தன். பழைய வண்டிய எவன் தலையிலயாவது கட்டப் போறவன் இன்னொருத்தன்.

— பாவாடை, நீ போயி உன் வேலையப் பாரு.

— சத்தியமாண்ணே! மேடு ஏறறப்ப இஞ்சின்ல டொக்கு டொக்குன்னு சத்தம் வரும் பாருங்க, பிரீமியம் ஊத்தினா அது அமுங்கிடும். வாங்கறவன் ஓட்டிப் பாக்கறப்ப பூ மாதிரி போவும். ஒரு மாசம் கழிச்சி அவன் சாதா ஊத்தினப்பறந்தான் பூதம் வெளிய வரும். அண்ணே, இன்னா மொறைக்கறீங்க? நான் பொதுவா சொன்னன். டீ ஆறுது, குடிங்க.

— ஏங்க.

— ம்.

— வண்டிய விக்கறீங்களா?

— ம்.

— நெல்லிக்குப்பத்துலயா?

— சர்க்கரை ஆலையில வேலை பாக்கறவரு. நல்ல மனுசன், பாவம். பன்னெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு, ஓட்டிப் பாக்கணும்னு. மெக்கானிக்கு செங்குட்டுவன்தான் சொன்னான். பாதி சாதா, பாதி பிரீமியம் கலந்தா சத்தம் அடங்காது மாமா, டேங்க்க முழுசா பிரீமியத்துலயே ரொப்பிடுங்கன்னான்.

— பாலத்து மேல ஏறி எறங்கினது?

— மேடு ஏறறப்பத்தான்டி சத்தம் கேக்கும். எவ்வளவு கேக்குதுன்னு பாத்தன். மேல நிறுத்தி, பானட்டுக்குள்ள காத வெச்சிகினு நின்னன். அந்த நேரம் பாத்து இந்த மருதாசலம் கூப்பிட்டிருப்பான் போல. காதுல வுழல.

— பேப்பரு?

— ஆர்.சி. புக்க தேடினன். தேடறப்ப எல்லாம் வெளிய வந்துச்சு. வந்ததுதான் வந்துச்சு, உனக்கும் சொல்லி வெப்போம்னு சொன்னன்.

— சிலம்பரசன்கிட்ட சொன்னது?

— நெல்லிக்குப்பத்துலயே ஒரு லேத்து பட்டறை வெலைக்கு வருது. ஆலை வேலை, ட்ராக்டர் வேலை நெறைய வருமாம். அவன் கை நல்ல கைடி. ஃபோர்மேனே சொல்லுவாரு. காடாம்புலியூர்ல உங்க அப்பன் குடுத்த முந்திரித் தோப்பு இருந்தா அத வித்திருப்பன். அது அந்த ‘தானே’ புயல்ல ஒரு மரம் பாக்கி இல்லாம சாஞ்சு போச்சு. வர்ற பி.எஃப். பணம் வடக்குத்துல கட்டற வூட்டுக்கே சரியாப் போவும், விக்கறதுக்கு இருக்கறது இந்த வண்டி ஒண்ணுதான்.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— எப்படி சொல்றது? ஒருத்தர ஏமாத்தப் போறன், நீயும் வந்து வேடிக்க பாருன்னா? முப்பத்தாறு வருச சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்காதவன் நான். கடைசியில பெட்ரோல ஊத்தி இஞ்சின் சத்தத்த மறைச்சிகினு போறன். மூஞ்சியில அடிச்ச மாதிரி இருந்துச்சு. அதான் உன்ன வேணாம்னன்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்டி. அழாத. அழாதன்னு சொல்றன்ல. முந்தானைய எடுத்து மூஞ்சியத் தொட. பாவாடை பாக்கறான்.

— பாக்கட்டும். எனக்கு சிரிப்பும் வருது, அழுகையும் வருது. டேங்க்கு நெறைய பிரீமியம்னதும் எனக்கு கண்ணு ரெண்டும் இருட்டிகினு வந்துச்சுங்க.

— எனக்கு எப்படி இருக்குதுன்னு நீ கேக்கவே இல்லையே? கேட்டுக்க. மைன்ஸ்ல நான் ஓட்டற, மண்ணு வெட்டற அந்த பக்கெட் வீல் மிஷினு எவ்வளவு ஒயரம்னு உனக்குத் தெரியும். அதுல ஒரு படி வுடாம கைப்பிடியப் புடிச்சிகினுதான் ஏறுவன், எறங்குவன். பசங்க கேலி பண்ணுவானுங்க, மாமா பொம்பளையாட்டம் எறங்கறாருன்னு. எனக்கு சாவு பயம்டி. பயந்து பயந்துதான் முப்பத்தாறு வருசம் ஓட்டினன். வடக்குத்துல நம்ம வூடு பூச்சு வேலை முடிஞ்சதும் அங்க போயி, உன் கையால நாலு மணிக்கு டீ குடிச்சிகினு, ரெண்டு பேரும் சண்ட போட்டுகினு கெடக்கணும்னு நாள எண்ணிகினு இருக்கறன். என்னைப் போயி சாவப் போறவன்னு நெனச்சிட்டியே.

— தப்புதாங்க. என் பயம் எனக்கு. முப்பதாம் தேதி ராத்திரி பன்னெண்டு மணி தாண்டிட்டா போதும், அதுக்கப்பறம் அந்த ரூல்ல எடமில்ல. அதுக்கு ஒரு நிமிசம் முன்னாடின்னாலும் சர்வீஸ்ல செத்ததாதான் கணக்கு. வாரிசு சர்டிபிகேட்டு தாசில்தார் தரணும், பொண்டாட்டி, எனக்கு அந்த வேலை வேணாம், புள்ளைக்குக் குடுங்கன்னு எழுதித் தரணும், அப்பறந்தான் ஃபைலே நவுரும். அதெல்லாம் நெனச்சி நெனச்சி என் மண்ட காஞ்சி போச்சு.

— இரு.

— இன்னாங்க?

— பொண்டாட்டி எழுதித் தரணுமா?

— ஆமா, புள்ள பேருக்கு போவணும்னா...

— எனக்கே தெரியாதுடி இது. முப்பத்தாறு வருசம் உள்ள இருந்தவன் எனக்கே தெரியாது. உனக்கு யாரு சொன்னா?

— சரிதா சொன்னா. எதிர் வூட்டு சரிதா. அவ ஆளுங்கள வேலைக்கு எடுக்கற பர்சனல் ஆபீசுலதான கிளார்க்கா இருக்கறா.

— அவளா வந்து சொன்னாளா, நீ போயி கேட்டியா?

— நான்தான் கேட்டன். உங்க நடவடிக்கையெல்லாம் பாத்து பயந்துகினு போயி கேட்டன்.

— பாலத்து மேல நான் போவ ஆரம்பிச்சி எத்தன நாளு ஆச்சு?

— எட்டு நாளு.

— பெட்டியத் தொறந்தது செவ்வாக்கெழம. சிலம்பரசன்கிட்ட பேசினது முந்தாநேத்து. சரிதா பிரசவத்துக்கு லீவு போட்டுட்டு திருச்சிக்குப் போனது எப்ப?

— அது...

— மே மாசம் ஒண்ணாந் தேதி. பஸ் ஸ்டாண்டுல கொண்டு போயி வுட்டது இந்த வண்டியிலதான். நான்தான் ஓட்டினன். எரநூறு ரூபாய்க்கு சாதா போட்டுகினு போனன். அப்ப நான் ஒண்ணுமே பண்ணலையே தனகோடி. நல்லா சாப்பிட்டன், நல்லா தூங்கினன். அப்பவே எதுக்குக் கேட்ட?

— ஏங்க, டீய குடிங்க. ஆறிப் போச்சு.

— எதுக்குக் கேட்ட?

— சித்திரையில ஒரு பொண்ணு பாத்துட்டு வந்தமே, ஞாபகம் இருக்குதா? இசைப்பிரியா.

— இருக்குது.

— பொண்ணுக்குப் புடிச்சிருந்துச்சு. இவனுக்கும் புடிச்சிருந்துச்சு. எழுந்து வர்றப்ப அவங்க அப்பா கேட்டாரே, மாப்பிள பர்மனெண்டான்னு. கான்ட்ராக்ட்டுன்னீங்க. அப்பறம் அவங்க வூட்டுலேருந்து போனே வரல. அன்னையிலேருந்து இவன் வூட்டுல பேசறதில்ல. சோத்த அள்ளி வாயில போட்டுகினு செவுத்தப் பாத்துகினு குந்தியிருக்கறான். எத்தனாவது பொண்ணுங்க அது? அஞ்சாவது. எனக்குத் தாங்கல. சரிதாகிட்ட போயி, அம்மாடி, இத்தன வருசம் இவரு ஒழைச்சிருக்காரு, பையனுக்கு பர்மனெண்ட் கெடைக்க ஏதாச்சும் வழி இருக்குதான்னு கேட்டன்.

— அவ இன்னா சொன்னா?

— ஒரே வழிதான் அத்தை இருக்குது, அத நான் சொல்ல மாட்டன்னா. சொல்லுடின்னன். சொன்னா. சொல்லிட்டு என் மூஞ்சியப் பாத்துட்டு, அத்தை, வூட்டுக்குப் போயி தண்ணி குடிங்கன்னா.

— அதுக்காகவா எட்டு நாளா சோறு திங்காம கெடக்கற? கேட்டதுதான? கேட்டா இன்னா போச்சு? எல்லாரும் கேக்கறதுதான்.

— கேட்டதோட வுட்டிருந்தா பரவால்லையே.

— வேற இன்னா பண்ண?

— காசு முடிஞ்சி வெச்சிட்டன்.

— காசா?

— மஞ்சத் துணியில ஒத்த ரூபா. மாரியாத்தாவுக்கு. சாமி படத்துக்குப் பின்னால வெச்சிருக்கறன். என் புள்ளைக்கு பர்மனெண்ட் வேலை கெடைச்சா தீச்சட்டி எடுக்கறன்னு வேண்டிகினு முடிஞ்சன்.

— அட, இவ்வளவுதானா!

— அன்னையிலேருந்து எனக்கு பயம். நீங்க ஷிஃப்ட்டு முடிஞ்சி வர அஞ்சு நிமிசம் லேட்டானா எனக்கு உசுரு போவுது. டெலிபோன் அடிச்சா எடுக்க கை வர மாட்டங்குது. நீங்க இருமினா பயம், மாடிப்படி எறங்கினா பயம். எட்டு நாளா நீங்க பாலத்துக்குப் போறீங்கன்னதும், ஆத்தா என் வேண்டுதல கேட்டுட்டா, அவதான் உங்கள கூட்டிகினு போறான்னு நெனச்சன். அந்த முடிச்ச அவுத்துடலாம்னு நாலஞ்சு தரம் கையில எடுத்தன். அவுக்க முடியல. சிலம்பரசன் மூஞ்சி கண்ணுல வருது, திரும்பவும் அங்கயே வெச்சிடறன்.

— பைத்தியக்காரி. வேல கெடைக்கணும்னு வேண்டிகிட்டது ஒரு தப்பா? எந்த அம்மா வேண்டிக்க மாட்டா?

— அண்ணே! கரண்டு வந்துடுச்சு! எந்தக் குழாய எடுக்கட்டும்?

— இரு பாவாடை, ஒரு நிமிசம் இரு. தனகோடி, இங்க பாரு. நிமிந்து என்னப் பாரு. அந்தக் காச நீ எப்ப முடிஞ்ச?

— அதான் சொன்னனே. சித்திரையில.

— அது தெரியும். சரிதாகிட்ட கேக்கறதுக்கு முன்னாடி முடிஞ்சியா, பின்னாடி முடிஞ்சியா? முன்னாடின்னா ஒண்ணுமே இல்லடி. அந்த ஒரே வழி இன்னான்னு அப்ப உனக்குத் தெரியாது. தெரியாம வேண்டிகிட்டத சாமிகூட கணக்குல வெக்காது. எனக்கும் மனசுல ஒண்ணுமில்ல. வூட்டுக்குப் போயி ரெண்டு பேருமா அவுத்து உண்டியல்ல போட்டுடலாம். முன்னாடிதான?

— ஏங்க...

— முன்னாடிதானன்னு கேக்கறன்.

— பின்னாடிங்க.